இராஜேஸ்வரி சொல்லாத வசனம்

கனடாவில், உறைந்துபோன சிம்கோ ஏரியின் மேல் இராஜேஸ்வரி குப்புறப் படுத்திருக்கிறார். தலையையும் தோளையும் ஒரு பழைய கம்பளிப் போர்வை மூடியிருக்கிறது. போர்வைக்கு உள்ளே, ஐஸைக் குடைந்து எடுத்த எட்டு அங்குலத் துளையில் அவருடைய முகம். வெளியே தெரிவது இரண்டு சப்பாத்துகள் மட்டுமே. அந்தப் பக்கமாக ஸ்னோமொபீலில் போன ஒரு வெள்ளைக்காரர் பதறிப்போய் நிறுத்தி, அம்புலன்ஸ் கூப்பிடவா என்று கேட்டார். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து, போ, போ என்று சைகை காட்டிவிட்டு உள்ளே போய்விட்டது.

"ஒன்பதடியில சிவப்பு செத்துப்போச்சு. ஓரேஞ்ச் இன்னும் உயிரோட கிடக்கு. எழுதும், செலீன்."

பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் செலீன், கொப்பியில் பென்சிலால் எழுதுகிறார். பேனை இந்தக் குளிரில் எழுதாது. துளைக்குள் இறங்கியிருப்பது ஒரு கயிறு. அதில் அடிக்கொரு முடிச்சு. நுனியில் ஓர் ஈயக் குண்டு. குண்டுக்கு மேலே ஒரு வளையத்தில், விசிறிபோல விரிந்த ஏழு நிற அட்டைகள். பெயின்ற் கடையில் வாடிக்கையாளருக்குச் சும்மா கொடுக்கிற அட்டைகள்தான். தண்ணீர் ஊறாமல் இருபக்கமும் பிளாஸ்ரிக் ஒட்டியிருக்கிறார். கயிறு ஒவ்வொரு முடிச்சாக இறங்க இறங்க, எந்த நிறம் எந்த ஆழத்தில் கறுத்துப்போகிறது, எது கடைசிவரை நிற்கிறது என்று பார்ப்பது அவருடைய வழக்கம். இந்தப் பரீட்சை முடியும்வரை தூண்டில் தண்ணீரைத் தொடாது. சுற்றியிருக்கும் கூடாரங்களில் ஆட்கள் நாலைந்து மீன் பிடித்துவிட்டிருப்பார்கள். அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

இராஜேஸ்வரிக்கு ஐம்பத்தெட்டு வயது. ஸ்காபரோவில் ஒரு வன்பொருள் கடையில் பெயின்ற் கலக்கும் மேசையில் பத்தொன்பது வருடங்களாக நிற்கிறார். யாராவது சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு துண்டைக் கொண்டுவந்து, இதே நிறம் வேண்டும் என்றால், கடை இயந்திரம் அதை ஒளிகாட்டிப் பார்த்து ஒரு கணக்குச் சொல்லும். இராஜேஸ்வரி அதற்கு முன்னமே பார்த்துவிடுவார். "இதில மஞ்சள் ஒரு சொட்டுக் கூடக் கிடக்கு" என்பார். கலந்த பெயின்ற்றை மூடியில் ஒரு பூச்சுப் பூசி, அதை எடுத்துக்கொண்டு கடையின் வாசல்வரை நடந்துபோய்ப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் கொடுக்கமாட்டார். மனேஜர் இரண்டு தடவை அதற்காகக் கடிதம் கொடுத்தார். இரண்டு கடிதங்களையும் மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, மூன்றாம் நாளும் வாசலுக்கு நடந்தார். "லைட்டுக்குக் கீழ வடிவா இருக்கிறதெல்லாம் வீட்டை போனாப் பிறகும் வடிவா இருக்குமோ?"

செலீனும் அதே கடையில்தான், குழாய்ச் சாமான்கள் பகுதியில் வேலை. யாழ்ப்பாணத்தின் மீனவ ஊரான குருநகர்க்காரி. கணவர் அகஸ்ரின் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். எட்டுக் குளிர்காலங்களுக்கு முன்பு, இராஜேஸ்வரியின் கணவருடைய முதலாம் வருட ஆட்டைத்திவசம் முடிந்த கையோடு, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவரைச் செலீன் தன் வான் வண்டியில் ஏற்றி ஏரிக்குக் கொண்டுவந்தார். "மீனும் வேண்டாம், மண்ணும் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டு வந்தவர், செலீனின் தூண்டிலில் இருந்த ரப்பர் புழுவைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "உந்த ரோஸ் என்னத்துக்கு? உது கீழ போனால் சாம்பலாத்தான் தெரியும். இருக்கிற தண்ணியும் சாம்பல். மீன் என்ன, கண்ணாடி போட்டுக்கொண்டே தேடும்?" அன்றைக்கு நிறத்தை மாற்றச் சொல்லிச் செலீனோடு சண்டை பிடித்ததில் ஆரம்பித்தது.

இப்போது அவரிடம் மூன்று மாத்திரைப் பெட்டிகள் இருக்கின்றன. நாளுக்கு நாலு வேளையென்று, வாரத்துக்கு இருபத்தெட்டுச் சின்ன அறைகள் உள்ள பெட்டிகள். இரண்டில் ஜிக் என்று சொல்கிற, உலோகத் தலை வைத்த சின்ன முட்களும், அந்த முட்களில் கொளுவுகிற மெத்தென்ற ரப்பர் புழுக்களும் நிறம் நிறமாக இருக்கின்றன. மூன்றாவதில்தான் அவருடைய பிரஷர் குளிசை. மகள் சாம்பவி ஒருநாள் அவசரத்தில் அம்மாவுக்குக் குளிசை எடுத்துக் கொடுக்கப்போய், உள்ளங்கையில் ஒரு பச்சைப் புழுவோடு குசினிக்குள் கத்திக்கொண்டு ஓடினாள்.

கொம்பனிக்காரர் வைத்த நிறப் பெயர்கள் எதையும் இராஜேஸ்வரி ஏற்றுக்கொண்டதில்லை. அவருடைய பெட்டியில் ஒவ்வோர் அறையிலும் தமிழில் ஒரு துண்டு ஒட்டியிருக்கும். பள்ளிக்கூட பஸ், கடும் மஞ்சள். பழைய பனி. அது மார்ச் மாதத்தில் தெருவோரம் கிடக்கிற அழுக்குச் சாம்பல். டபிள் டபிள், பால் கூடப் போட்ட கோப்பி நிறம். பிரேக் லைட். கோ ட்ரெயின், கடும் பச்சை. வெயிலும், மேலே பனி மூடாத கண்ணாடி ஐஸும் என்றால் பதினைந்தடியில் பழைய பனி. ஐஸின் மேல் பனி மூடி, உள்ளே இருட்டியிருந்தால் பள்ளிக்கூட பஸ். ஆனால் தலை கறுப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உருவம் பிடிபடாது. எழுபதடிக்குக் கீழே நிறமென்று ஒன்று இல்லை. ரோர்ச்சில் காட்டி ஒளியேற்றிய வெள்ளைதான். ஒரு நிறத்துக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கொடுப்பார். பதினாறாவது நிமிடத்தில் மீன் வந்து முகர்ந்துகொண்டு நின்றாலும் தூண்டிலை இழுத்துவிடுவார்.

வெளிச்சமான நாளுக்கு வெளிச்சமான நிறம், மூட்டமான நாளுக்கு மங்கல் நிறம் என்பது அந்த ஏரியில் எல்லா ஆண்களும் சொல்கிற பாடம். பக்கத்துக் கூடாரத் தமிழர் ஒருவர் அதை அவருக்கு விளங்கப்படுத்த வந்தார். இராஜேஸ்வரி முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மீனிட்டக் கேட்டனீங்களோ?" என்றார். பிறகு அவரே, "பசிச்ச மீன் எதையும் தின்னும், அண்ணை. பசியில்லாத மீனுக்குத்தான் நிறம் பாக்க வேணும்" என்று சொல்லி, தன் பெட்டியைத் திறந்து காட்டினார். அந்த மனிதர் போகும்போது இரண்டு பழைய பனி வாங்கிக்கொண்டு போனார்.

போன வருடம் ஜனவரியில், கைக்கு அடங்காத ஒரு வெண்மீனை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இராஜேஸ்வரி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற ஒரு படத்தைச் சாம்பவி எடுத்து, பெருமையோடு பேஸ்புக்கில் போட்டாள். சாம்பவி பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை செய்கிறாள். அவளுக்கும் யூனியன்வில்லில் இருக்கும் பிரியந்தனுக்கும் நாலு வருடப் பழக்கம். இரண்டு வீட்டிலும் சம்மதித்து, செப்டெம்பரில் கலியாணமென்று மண்டபமும் பிடித்தாகிவிட்டது. படம் போட்டு மூன்றாம் நாள், பிரியந்தனின் தகப்பன் சச்சிதானந்தன் ரெலிபோன் எடுத்தார். ஓய்வுபெற்ற நில அளவையாளர். குரலை உயர்த்தாத மனிதர்.

"தங்கச்சி, குறை நினைக்காதையுங்கோ. உந்தப் படத்தை எடுத்துவிட்டால் நல்லது."

"ஏன் அண்ணை, நான் வடிவா இல்லையோ?"

அவர் சிரிக்கவில்லை. "எங்கட சொந்தக்காரர் கொஞ்சப்பேர் பாத்துப்போட்டுக் கேக்கினம். பொம்பிளையின்ர ஆக்கள் ஆரெண்டு. மீன் பிடிக்கிற ஆக்களோ எண்டு."

"மீன் பிடிக்கிற ஆள்தான். படத்தில தெரியுதே."

"அப்பிடி இல்லை, தங்கச்சி. உங்களுக்கு விளங்கும்."

விளங்கியது. அவர் கேட்பது சாதியை. ரெலிபோனை வைத்துவிட்டு, இராஜேஸ்வரி அடுப்பில் பொங்கி வழிந்துகொண்டிருந்த சொதியை இறக்கினார். அடுத்த சனிக்கிழமை, செய்தி அறிந்து அஜக்ஸிலிருந்து அவருடைய மூத்த தமையன் பொன்னம்பலம் வந்தார். தகப்பன் இல்லாத சாம்பவிக்குத் தாய்மாமன். மணவறையில் பெண்ணைக் கையில் பிடித்துக் கொடுக்கவேண்டியவர். கோட்டைக் கழற்றாமலே கதிரையில் உட்கார்ந்தார்.

"ராசேஸ், இதில யோசிக்க என்ன கிடக்கு? நாங்கள் உந்த ஆக்கள் இல்லை, இது சும்மா பொழுதுபோக்கெண்டு ஒரு வசனம் சொன்னால் முடிஞ்சுது. உண்மையும் அதுதானே."

"அந்த ஒரு வசனத்தைத்தான் பெரியண்ணா நான் சொல்லமாட்டன்."

"உண்மையைச் சொல்லுறதுக்கு உனக்கென்ன?"

"உண்மையெண்டதுக்காகச் சொல்லச் சொல்லேல்ல நீங்கள். செலீன்ர ஆக்கள் குறைஞ்ச ஆக்கள், நாங்கள் அவையில்லையெண்டு சொல்லச் சொல்லுறியள். சொல்லிப்போட்டு அடுத்த ஞாயிறு எந்த முகத்தோட அவளின்ர வானில ஏறுறது?"

"பிள்ளையின்ர வாழ்க்கை பெரிசோ, செலீன்ர வான் பெரிசோ?"

இராஜேஸ்வரிக்கு அந்த வாரம் முழுவதும் நித்திரை குறைந்தது. கடையில், வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு வாடிக்கையாளருக்கு நிறம் பிழைத்தது. கடைசியில் மகளிடமே கேட்டார். சாம்பவி உடைகளை மடித்துக்கொண்டிருந்தவள், கையை நிறுத்தவில்லை. "அம்மா, நீங்க அதைச் சொன்னா ஐ வில் பி சோ மேட். பிரியந்தனோட நான் கதைக்கிறன். தட்ஸ் மை ஜொப்." செலீன் மட்டும் வேறு மாதிரிச் சொன்னார். சாப்பாட்டு இடைவேளையில், ரின்மீன் சான்ட்விச்சைப் பிய்த்தபடி, மறுபக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சொல்லிப்போட்டு விடும், ராசேஸ். எனக்கென்ன, நான் கேளாததே? பிள்ளையின்ர விசயம்."

"நீர் சும்மா இரும்" என்றார் இராஜேஸ்வரி. படம் பேஸ்புக்கில் அப்படியே இருந்தது.

பெப்ரவரியில் ஒரு ஞாயிறு. காலை பத்து மணி, நல்ல வெயில். அவர்கள் இருவரும் கரையிலிருந்து அரைக் கிலோமீற்றர் தள்ளி இரண்டு துளை போட்டிருந்தார்கள். தூரத்தில் இரண்டு பேர் தடுமாறித் தடுமாறி நடந்து வருவது தெரிந்தது. முன்னால் பிரியந்தன். பின்னால் சச்சிதானந்தன், கோயிலுக்குப் போகிற சப்பாத்தோடு, கையில் ஒரு றோல்ஸ் பலகாரப் பெட்டியை ஏந்திக்கொண்டு. வந்ததும் வராததுமாக முகமெல்லாம் சிரிப்பு.

"தங்கச்சி, நேரில சொல்லவேணுமெண்டு வந்தனான். உங்கட தமையனார் போன கிழமை வீட்டை வந்தவர். எல்லாம் விளங்கப்படுத்தினவர். நீங்கள் ஆர், என்ன, எந்தப் பகுதியெண்டு. நாங்கள்தான் பிழையா நினைச்சுப்போட்டம். இனி ஒரு பிரச்சினையும் இல்லை."

நாலு எட்டுத் தள்ளி, செலீன் தன் துளையில் மிதந்த ஐஸ் தூளைக் கரண்டியால் அள்ளிக்கொண்டிருந்தார். கரண்டி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி அள்ளத் தொடங்கியது. அள்ளுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

இராஜேஸ்வரி மாத்திரைப் பெட்டியைத் திறந்தார். ஒவ்வோர் அறையாக மூடியைத் திறந்தார், மூடினார். பார்த்துக்கொண்டு நின்ற சச்சிதானந்தன், அவர் நிறம் தேடுகிறார் என்று நினைத்திருப்பார். கண்ணுக்கு முன்னால் இருந்த ஒரு நிறமும் அந்த நேரம் அவருக்குத் தெரியவில்லை. தான் வாயைத் திறக்காமல் காத்த ஒன்றைத் தமையன் கொண்டுபோய் இன்னொரு வீட்டு வரவேற்பறையில் கொட்டிவிட்டு வந்திருக்கிறார். இனித் தான் பேசாமல் இருந்தாலே போதும். எல்லாம் சுமுகம். கலியாணம், மண்டபம், மகளின் சிரிப்பு. ஒரு றோலை எடுத்துக் கடித்தாலே சம்மதம்.

பெட்டியை மூடி மடியில் வைத்தார்.

"அண்ணை, பெரியண்ணா எனக்காகக் கதைக்கேல்ல. தனக்காகக் கதைச்சிருக்கிறார். நான் சொல்லாததை நான் சொன்னதா எடுக்காதையுங்கோ."

சச்சிதானந்தனின் சிரிப்பு மெல்ல இறங்கியது. "அப்ப அவர் சொன்னது பொய்யோ?"

"பொய்யோ மெய்யோ எண்டு நான் சொல்லமாட்டன்."

"கேக்கிற ஆக்களுக்கு நான் என்ன சொல்லுறது?"

"இஞ்ச வந்து பாத்தனானெண்டு சொல்லுங்கோ. இந்தா நான் இருக்கிறன். உந்தா செலீன் இருக்கிறா. நாங்கள் ரெண்டுபேரும் ஒரே ஆக்கள். எழுதித் தரவேணுமெண்டாலும் தாறன், பென்சில் கிடக்கு."

சச்சிதானந்தனின் காது சிவந்திருந்தது; குளிராகவும் இருக்கலாம். றோல்ஸ் பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஐஸின் மேல் வைத்துவிட்டு, "வா, போவம்" என்று மகனிடம் சொன்னார். பிரியந்தன் அசையவில்லை.

"அப்பா, கார்ல ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இருங்கோ. நான் கொஞ்சம் லேட்டாகும்."

தகப்பன் திரும்பி நடந்தார். பிரியந்தன் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, செலீனுக்கும் இராஜேஸ்வரிக்கும் நடுவில் உட்கார்ந்தான். ஐஸ் எங்கோ தூரத்தில் விரிசல் விட்டு நீளமாக முனகியது. பிறகு அவன் கேட்டான்: "அன்ரி, எனக்கு எந்தக் கலர்?"

இராஜேஸ்வரி வானத்தைப் பார்த்தார். துளைக்குள் பார்த்தார். "பழைய பனி. வால் டபிள் டபிள்" என்றார். செலீன் தன் மூக்கைக் கையுறையால் துடைத்துக்கொண்டு, "நீர் விசர், ராசேஸ். முழு விசர்" என்று சொல்லிவிட்டு, றோல்ஸ் பெட்டியைத் திறந்து முதல் றோலைத் தானே எடுத்தார்.

அதன் பிறகு ஆறு மாதம் இரண்டு வீட்டுக்கும் இடையில் பேச்சு இல்லை. பிள்ளைகள் இருவரும் அசையவில்லை. அழைப்பிதழ் அடித்தார்கள், தாங்களே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஓகஸ்ட் கடைசியில் சச்சிதானந்தன் மகனிடம், தான் வருவதாகவும் சொந்தக்காரர் யாரையும் வரும்படி கட்டாயப்படுத்தப்போவதில்லை என்றும் சொன்னார். இராஜேஸ்வரியிடம் ஒன்றும் சொல்லவில்லை. கலியாணத்துக்கு ஒரு வாரம் முன்பு, இராஜேஸ்வரி அஜக்ஸுக்குப் போய்த் தமையனின் வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னார்: "பெரியண்ணா, நீங்கள் வாங்கோ. முன் வரிசையில இருங்கோ. ஆனால் தாரைவார்த்துக் குடுக்கிறது செலீனும் அகஸ்ரினும்." பொன்னம்பலம் அதை நம்பவில்லை. கோபம், தணிந்துவிடும் என்று மனைவியிடம் சொன்னாராம்.

செலீனும் நம்பவில்லை. "எனக்கு உங்கட சடங்கொண்டும் தெரியாது, மாதாவே, என்னை விடும்" என்று மன்றாடினார். இராஜேஸ்வரி அவரைச் சேலைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆறு சேலைத் துணித் துண்டுகளை வாங்கிக்கொண்டு, மண்டபத்தைத் திறப்பித்து, மணவறை விளக்குகளை எரியவிட்டு, ஒவ்வொன்றாகச் செலீனின் தோளில் போட்டுப் பார்த்தார். எட்டடி, பதினைந்தடி, கடைசி வரிசை என்று தள்ளித் தள்ளி நின்று பார்த்தார். கடைசி வரிசையிலிருந்தும் ஆள் இன்னாரென்று தெரிகிற ஒரு மயில் நீலத்தை எடுத்தார்.

கலியாணத்தன்று மாப்பிள்ளை பக்கத்தில் மூன்று மேசைகள் வெறுமையாகக் கிடந்தன. சச்சிதானந்தன் பட்டு வேட்டியோடு, நெற்றியில் திருநீறோடு, முகத்தில் எதையும் காட்டாமல் மணவறையில் மகனுக்குப் பக்கத்தில் இருந்தார். ஐயர், பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுப்பவர்கள் எழுந்து வரலாம் என்றார். முன் வரிசையில் பொன்னம்பலம் சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார், மனைவியும் எழுந்தார். கைம்பெண் இருக்கவேண்டிய இடமென்று யாரோ காட்டிவிட்ட மூன்றாம் வரிசையிலிருந்து இராஜேஸ்வரியும் எழுந்தார். தமையனைக் கடந்து நேரே நடந்துபோய், எட்டாம் வரிசையில் செலீனின் மணிக்கட்டைப் பிடித்தார். அகஸ்ரின் வேட்டி தடுக்கத் தடுக்கப் பின்னால் வந்தார். நானூறு பேர் பார்த்திருக்க, மூவரும் மணவறைப் படிவரை வந்தார்கள்.

ஐயர் குனிந்து மெல்லக் கேட்டார்: "அம்மா, இவை வேதக்காரரோ, கிறிஸ்தவ ஆக்களோ?"

"ஓம், ஐயா. தண்ணி ஊத்தத் தெரியும்."

ஐயர் சச்சிதானந்தனைப் பார்த்தார். சச்சிதானந்தன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலே, "நடத்துங்கோ, ஐயா" என்றார்.

அகஸ்ரின் சாம்பவியின் கையை எடுத்துப் பிரியந்தனின் கைமேல் வைத்தார். செலீனிடம் செம்பைக் கொடுத்தார்கள். தண்ணீர் விளிம்பில் தளும்பியது. வாங்கிய செம்பை அவர் திருப்பி நீட்டப் பார்த்தார். இராஜேஸ்வரி மணவறைப் படியில் ஏறி, செலீனுக்குப் பின்னால் நின்று, செம்பைப் பிடித்திருந்த அந்தக் கைகளின் மேல் தன் இரண்டு கைகளையும் பொத்தி வைத்து, தண்ணீர் விழும்வரை சரித்துப் பிடித்தார்.